உச்சந்தலை விவகாரம்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு முடி கொட்டக் கூடாது. வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு சங்கடம் கிடையாது. வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்து, புது ஃபிரேமை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று குனிந்து பார்க்கும்போது, எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் இரண்டு உருப்படிகள் தெரியும். ஒன்று வாடிக்கையாளரின் முகம், இன்னொன்று அதற்குப் பக்கத்தில் ஓர் உச்சந்தலை. அந்த மனிதரோ அப்போதுதான் பல வருஷத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்க்க ஆரம்பித்திருப்பார். அவர் பார்வை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

நம் கண்ணாடிக்காரன் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்கி உட்காருவான். வலது பக்கத்து முடியை வளர்த்து இடது பக்கம் கொண்டுவந்து பரப்புவான். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கமாட்டான். இத்தனையும் செய்து முடித்து வேலையையும் பார்க்க வேண்டும் என்றால், பாவம், ஒரு மனிதன் எவ்வளவுதான் செய்வான்.

அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காதான் வளர்த்தாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவன் மீசை அரும்பிய பையன். "தம்பியும் என்கூடத்தான் இருப்பான்" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதற்கென்ன, தாராளமாக இருக்கட்டும் என்றார். அப்படிச் சொன்ன புண்ணியவானுக்குத் தம்பிக்காரன் என்ன கைமாறு செய்தான் தெரியுமா? முதல் வாரமே அவருக்குப் 'பௌர்ணமி' என்று பேர் வைத்தான். அத்தானுக்கு அந்த வயசிலேயே காதோரத்தைத் தவிர வேறெங்கும் முடி இல்லை. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அக்கா சிரித்தாள், பக்கத்து வீட்டார் சிரித்தார்கள், பௌர்ணமியும் சிரித்தார். அவருடைய மெக்கானிக் கூட்டாளிகள்கூட ஃபோனில் "பௌர்ணமி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் "இருக்கேன், சொல்லுங்க" என்பார்.

கண்ணாடிக்காரன் வேலைக்குப் போனதும் கடைப் பக்கமே தனி அறை எடுத்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் அக்கா வீட்டுச் சாப்பாடு. போன வருஷம் வந்தது வினை. அக்கா மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரன் குனிந்து தட்டு வைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து பௌர்ணமி வந்து, அவன் உச்சந்தலையில் விரலால் இரண்டு தட்டு தட்டி, "வா மச்சான், நீயும் நம்ம கட்சிக்கு வந்துட்டே" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா கூப்பிடும்போதெல்லாம் கடையில் சரக்கு கணக்கெடுக்கிறோம் என்றான். ஒரு கண்ணாடிக் கடையில் வருஷம் பூராவும் என்ன கணக்கெடுப்பு என்று அவளும் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவன் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு முடி சிகிச்சை நிலையத்தைத் தேடிப் போனான். அங்கே காத்திருக்கும் அறையில் எல்லாரும் தொப்பி போட்டிருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே டெக்னீசியன் பெண் அவன் கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயில் நிரப்பி, குக்கர் மாதிரி ஒரு மெஷினுக்குள் வைத்துச் சுழற்றினாள். வெளியே எடுத்தபோது சிவப்பு அடியில் தங்கியிருந்தது, மேலே வெளிறிய மஞ்சளில் ஒரு தெளிவான நீர்.

"இதுக்குள்ளதான் பிளேட்லெட் இருக்கு. எங்கயாவது அடிபட்டா ரத்தத்தை நிறுத்துறதும் இதுதான், புண்ணை ஆத்துறதும் இதுதான். முடி வேருல போட்டா வேரு கொஞ்சம் முழிச்சுக்கும்" என்றாள் அவள். பிறகு, "எல்லாருக்கும் முழிக்கும்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்கு நல்லாவே தூங்கும்" என்றாள்.

டாக்டர் வந்து அந்த நீரை உச்சந்தலை முழுக்கச் சின்னச் சின்ன ஊசியாகக் குத்தி ஏற்றினார். ஊசி என்றாலே சின்ன வயசில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டவன் அவன். கண்ணில் நீர் முட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அதோடு தினமும் ஒரு மாத்திரை. அதைக் கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டான். இந்த விஷயம் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. உச்சந்தலையில் பூனை முடி மாதிரி ஏதோ முளைத்திருப்பதாக அவனுக்கே ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

மூன்றாவது ஊசி முடிந்த மறுவாரம் அக்கா ஃபோன் செய்தாள். குரல் சரியில்லை.

"அத்தானுக்கு டெங்குடா. பிளேட்லெட் சரசரன்னு இறங்கிட்டே போகுது. பல் ஈறுல ரத்தம் வருது. இன்னைக்கே ஏத்தணுங்கிறாங்க. ரத்த வங்கியில அந்த குரூப் இல்லையாம். உனக்கும் அவருக்கும் ஒரே குரூப்தானே. உனக்கு ஊசின்னா பயம்னு எனக்குத் தெரியும் தம்பி. கண்ணை மூடிக்கோ, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

கோபமாவது ஒன்றாவது. கடை முதலாளியிடம்கூடச் சொல்லாமல் ஓடினான். ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் எத்தனையோ பேரின் லிஃப்டை நடுவழியில் நிற்காமல் பார்த்துக்கொண்டவர், அவர் இப்படி நடுவழியில் நின்றுவிடக் கூடாது.

ரத்த வங்கியில் அக்காவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸம்மா எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சுகருக்கு, பிரஷருக்கு, முகப்பருவுக்கு, முடி கொட்டுறதுக்கு?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவனைத் திடுக்கிட வைத்துவிட்டது. "முடிக்குச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில் நர்ஸம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. துருவிக் கேட்டதில், போன வாரம் ஊசிக்காக ரத்தம் எடுத்ததும் வெளியே வந்தது.

"அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாசமாவது ஆகணும். ரத்தம் வாங்குறவங்க கர்ப்பிணியா இருந்தா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது."

"சிஸ்டர், வாங்கப்போறது எங்க அத்தான். ஐம்பது வயசு. அவர் வயித்துல தொப்பைதான் இருக்கு, குழந்தை இல்லை."

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எனக்குப் புரியுது. ஆனா யாருக்குப் போகுதுன்னு பார்த்து நாங்க ஆளுக்கொரு சட்டம் வைக்க முடியாது. போன வாரம் வேற ரத்தம் எடுத்திருக்கீங்க. போங்க, சீக்கிரமா வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தான். அவன் கையில் பஞ்சு இல்லாததை அக்கா உடனே கவனித்துவிட்டாள்.

"என்னடா?"

"எடுக்கமாட்டேங்கிறாங்க. நான் ஒரு மாத்திரை சாப்பிடுறேன்."

"என்ன மாத்திரை? உனக்கென்ன வியாதி?"

"வியாதியெல்லாம் இல்லைக்கா" என்று மழுப்பினான். அவள் முகம் மாறியது. இத்தனை மாதமாக மனசுக்குள் வைத்திருந்தது வெளியே வந்தது.

"நீ ஏன் வீட்டுக்கு வர்றதில்லைன்னு நான் கேட்டேனா? அவர்மேல உனக்கு என்ன கோபம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இருந்துட்டுப் போகட்டும். அவர் எழுந்து உட்கார்ந்ததும் எவ்வளவு வேணும்னாலும் சண்டை போட்டுக்கோ. இப்ப வேணாம் தம்பி. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

வளர்த்தவள் வாயால் இதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவனுக்கு உயிரே போய்விட்டது. அந்த நடைபாதையில், ஸ்ட்ரெச்சரும் தள்ளுவண்டியும் போய்க்கொண்டிருக்க, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். தலையில் தட்டியது, சிகிச்சை நிலையம், ஊசி, மாத்திரை, லென்ஸ் டப்பா, எதையும் விடவில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தலையைப் பார்த்தாள், பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"முடிக்கா?" என்றாள். "முடிக்காகவாடா இத்தனை மாசம் வரலே?"

"ஆமாக்கா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். "சரி, ஃபோனை எடு. வேற ஆளைப் பிடிப்போம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டான். குரூப்பைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உனக்கே அந்த குரூப்தானே, நீ குடுக்கலாமே?" ரத்தம் கேட்கிறவன் அதற்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். முதல் ஆளிடம் சுற்றி வளைத்துச் சொன்னான். அடுத்த ஆளிடம் வேகமாகச் சொல்லிக் கடந்தான். போகப்போக, ஹலோ சொன்ன கையோடு, "நான் முடிக்கு மாத்திரை சாப்பிடுறேன், அதனால என்கிட்ட எடுக்கமாட்டாங்க, உங்க குரூப் என்ன?" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டான். இத்தனை மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை ஒரே மத்தியானத்தில் ஊர் பூராவும் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதிசயம் என்னவென்றால், ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரவர் தங்கள் ரத்த குரூப்பை ஞாபகப்படுத்திப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

முதலாளிக்கு அதே குரூப். அறுபதைத் தாண்டியும் கரும்புத் தோட்டம் மாதிரி அடர்த்தியான தலை. இவன் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நானும் அந்த மாத்திரைதாம்பா, பத்து வருஷமா" என்றார் தணிந்த குரலில். "கடையில யார்கிட்டயும் சொல்லிவைக்காதே."

கைவசம் இருந்த நம்பர்கள் தீர்ந்துபோயின. அத்தானுக்கு மூக்கிலும் ரத்தம் கசிகிறது என்று வார்டிலிருந்து அக்கா மகள் வந்து சொன்னாள். கண்ணாடிக்காரன் சுவரோடு சாய்ந்து நின்றான். அப்போது ஃபோன் அடித்தது. முடி சிகிச்சை நிலையம். அடுத்த ஊசிக்கு நாள் குறிக்கலாமா என்று டெக்னீசியன் பெண் கேட்டாள்.

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லைம்மா" என்று ஆரம்பித்தவன், பழக்க தோஷத்தில் மொத்தக் கதையையும் சொல்லி முடித்தான்.

"இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கும் உங்க குரூப்தான். எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் அவள்.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து இறங்கினாள். ரத்தத்தை வெளியே எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப அவள் உடம்புக்கே அனுப்பும் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எங்கள் மெஷினைவிட இது எவ்வளவோ தேவலை என்று அபிப்பிராயம் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பிக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திக்கா. தலை பூரா ஊசி போட்டாலும் ஒரு சத்தம் வராது" என்றாள் அவள்.

"இவனா?" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அந்த வெளிறிய மஞ்சள் நீர் அத்தானின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் ரத்தக் கசிவு நின்றது. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அதற்கடுத்த நாட்களில் கஞ்சி குடித்தார், நர்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு சாத்தும்போது ஒரு மாதிரி இரைகிறது, யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ஆள் பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்று தம்பியை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு ஆண்பிள்ளைகள் தனியாக விடப்பட்டார்கள்.

"உங்க அக்கா எல்லாம் சொன்னா" என்றார் அத்தான்.

கண்ணாடிக்காரனுக்கு முகம் சுட்டது. "அத்தான், அந்தப் பேரை வச்சது நான்தான்" என்றான்.

"தெரியும். உன்னைத் தவிர வேற யாருக்கு அந்த மூளை வரும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

அத்தான் யோசித்தார். பொய் சொல்லத் தெம்பில்லாத மனிதர் யோசிப்பது மாதிரி இருந்தது அது.

"இருந்துச்சுதான். கல்யாணமான புதுசு. நீ சின்னப் பையன், உன்கிட்ட கோபப்பட முடியுமா? கண்ட கண்ட எண்ணெயெல்லாம் தேய்ச்சேன். உங்க அக்காவுக்குத் தெரியாம வேலை இடத்துல, லிஃப்ட் மெஷின் ரூம்ல வச்சுத் தேய்ப்பேன். ஒண்ணும் நடக்கலே. அப்புறம் பழகிடுச்சு."

மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஓர் இளம் புருஷனைக் கண்ணாடிக்காரன் நினைத்துப் பார்த்தான். "மன்னிச்சிருங்க அத்தான்" என்றான். அந்த வார்த்தையை அவரிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீயும் என்னை மன்னிச்சுக்கோ. அன்னைக்கு உன்னைக் கேலி பண்ணணும்னு நான் தட்டலே மச்சான். உங்க குடும்பத்துல எல்லாருக்கும் காடு மாதிரி முடி. இத்தனை வருஷமா நான் ஒருத்தன்தான் இப்படி. உன் தலையைப் பார்த்ததும், அப்பாடா, ஒரு துணை வந்துடுச்சுன்னு இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல கை தானாப் போயிடுச்சு."

அவன் நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"குனி, பார்ப்போம்" என்றார் அத்தான்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் குனிந்திருக்கமாட்டான். கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தான். ஊசி ஏறியிருந்த மணிக்கட்டு வலிக்க, அத்தான் அவன் முடியை மெதுவாக விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"ஏதோ முளைக்கிற மாதிரிதான் இருக்கு. விடாம போ. ஊசிக்குப் பயமா இருந்தா நானும் கூட வர்றேன்" என்றார். "முடி வளர்ந்தா எனக்குச் சந்தோஷம்தான் மச்சான். வளரலேன்னா இன்னும் கொஞ்சம் சந்தோஷம்."