நடப்பு முப்பது

"முப்பதுன்னு யாரைக் கேட்டும்மா சொன்னே? எனக்கு இருபத்தொம்பதுதான்!"

"இருபத்தொம்பது முடிஞ்சிருச்சில்ல? அப்ப நடப்பு முப்பதுடி! நம்ம ஆளுங்க அப்படித்தான்லா சொல்லுவாங்க."

உம்பாயிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களின் கார் இன்னும் முனை திரும்பவில்லை. அம்மா கமலவேணியின் குரலோ மஸ்ஜித் தானா ஊரின் அந்த வரிசை வீடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிலுக்குக் கத்த வாயெடுத்த திலகா அப்படியே நின்றாள். நடப்பு!

டியூஷன் பிள்ளைகளுக்கு, பின்னத்தை விட்டுக் கீழே உள்ள முழு எண்ணைத் தரும் மீப்பெரு முழு எண் சார்பை அவள் எப்படி நடத்தினாள்? "வயசு சொல்ற மாதிரி. வருசம் முழுக்க ஒரே எண்ணு, பிறந்தநாளன்னிக்கு ஒரு படி ஏறும்." முடிந்த வயசா, நடப்பு வயசா என்று சொல்லவே இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்குத் தேர்வு.

பிள்ளைகளிடம் வாட்சப்பில் வரைபடம் கேட்டாள். ஐந்து படங்கள் வந்தன. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை அச்சின் மேலேயே படுத்திருக்க வேண்டிய கோடு, ஒன்றின் உயரத்தில் தொங்கியது. இடப்பக்கம் நிறைந்த புள்ளி, வலப்பக்கம் வெற்று வட்டம் எல்லாம் சரி. படிக்கட்டு மொத்தமும் ஒரு படி மேலே! ஐவரையும் போனிலேயே திருத்தினாள். ஆறாவது பிள்ளை பவானேஸ்வரியின் போன் மட்டும் அணைந்து கிடந்தது. இந்தத் தடவையும் தவறினால் ஜொகூர் ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுவதாக அவள் அப்பா கந்தசாமி சொல்லியிருந்தார்.

பட்டுச்சேலையோடு காரில் ஏறியவளைப் பார்த்து, பெண் ஓடுகிறாள் என்று தெருவே முடிவு கட்டியது. அவள் போனதோ சிம்பாங் அம்பாட்டில் பவானியின் வீட்டுக்கு.

"என்னா டீச்சர், தலை நெறைய பூவு? கல்யாணமா?" என்றார் கந்தசாமி.

அவள் காதில் விழவில்லை. "பவானி, மூணரைக்கு எத்தனை?"

"நாலு டீச்சர். நடப்பு நாலு."

"முடிஞ்சது?"

"மூணு... ஐயோ!"

"முடிஞ்சதுதான் கணக்கு. நடப்பை விட்டுரு."

"அப்ப மைனஸ் ஒன்றரைக்கு? வயசு மைனஸ்ல போகாதே டீச்சர்."

திலகா பக்கத்தில் உட்கார்ந்தாள். இதையும் சொல்லவில்லையா! "எப்பவும் கீழ இருக்கிற முழு எண்தான்மா. மைனஸ் ரெண்டு."

பவானி ரப்பரால் அழித்து வரையத் தொடங்கினாள். கடைசி வட்டம் சரியாக விழுந்த பிறகே திலகா எழுந்தாள்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்ததாம். பவானேஸ்வரி இப்போது பினாங்கில் படிக்கிறாள். திலகா அன்று பெண் பார்க்க வந்த உம்பாய் ஷங்கரையே கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று என்றார்கள்; நடப்போ முப்பத்து நாலு. அவர்கள் வீட்டில் மட்டும் முடிந்த வயசுதான் சொல்வார்கள் போலிருக்கிறது.