ஒலியை அணைத்த துறைத்தலைவர்

மின்னல் என்ற பெயரை வைத்தவர்கள் அவளுடைய மாணவர்கள். பிறவியிலேயே காது கேளாதவள்; வகுப்பில் அவள் கை பேசும் வேகத்தைப் பார்த்தால் மின்விசிறியே வெட்கப்பட்டு நின்றுவிடும். சைகைமொழியியலில் முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் தற்காலிக விரிவுரையாளர்தான். இன்று நிரந்தரப் பணிக்கு நேர்முகம், கணினித் திரையில். இதுவும் கைநழுவினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

திரையில் அவளைத் தவிர மூன்று பேர். டீன், போக்குவரத்துக் காவலர் காட்டுவதைத் தாண்டி அவருக்கு எந்தச் சைகையும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் அம்மா, கண்ணில் படும் சைகையையெல்லாம் குரலாக்க வேண்டும், காதில் விழும் பேச்சையெல்லாம் சைகையாக்க வேண்டும், அதுதான் அவர் தொழில் விதி. அப்புறம் துறைத்தலைவர், தன் வீட்டு அறையிலிருந்து. முப்பது வருடமாகச் சைகைமொழி ஆராய்ச்சி. மனைவிக்கும் காது கேட்காது என்பதால் அவர் வீட்டுச் சண்டையில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போடும்.

புருவத்தை உயர்த்தினால் ஒரு வாக்கியம் எப்படிக் கேள்வியாகிறது என்று மின்னல் விளக்கிக்கொண்டிருந்தாள். துறைத்தலைவர் யாரையோ நிமிர்ந்து பார்த்தார். ஒலியை அணைத்தார். இரண்டு கைகளும் எழுந்தன.

"இன்னும் பத்து நிமிஷம்தான், டீ போடு. இந்த வேலை நம்ம மருமகனுக்குன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. இந்தப் பொண்ண ஒப்புக்குக் கூப்பிட்டிருக்கோம்."

மின்னலின் கை அந்தரத்தில் நின்றது. காது கேட்பவர்களுக்கே உரிய கோளாறு இது: ஒலியை அணைத்துவிட்டால் உலகமே கண்ணை மூடிக்கொண்டதாக நினைப்பு. கேமரா என்னவோ கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பக்கத்துக் கட்டத்தில் காத்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, டீயிலிருந்து ஒப்பு வரை ஒன்று விடாமல். டீனின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது.

"என்னம்மா சொல்றீங்க?" என்று அவர் கேட்டதை அம்மா சைகையிலும் சொன்னார். பதிலை வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் கொடுத்தார்.

"நான் சொல்லல சார். துறைத்தலைவர் சொன்னாரு. வேலை மருமகனுக்காம். டீயும் கேட்டாரு."

துறைத்தலைவர் அவசரமாக ஒலியைத் திறந்தார். "அது... வீட்டு விஷயம் சார்."

"மருமகன் வீட்டு விஷயம்தான். வேலை எப்பய்யா வீட்டு விஷயமாச்சு?"

துறைத்தலைவரின் கைகள் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டன.

"நீங்க கிளம்புங்க," என்றார் டீன். பிறகு மின்னலிடம், "மன்னிச்சிடும்மா. வேற ஆளை வச்சு நாளைக்கு நடத்தலாமா?"

நாளை என்ற சைகையை ஒன்பது வருடமாக அவள் பார்த்துச் சலித்திருந்தாள்.

"இப்பவே முடிக்கிறேன் சார். பதிவாகுதுல்ல? வர்றவங்க அதைப் பார்த்துக்கட்டும்."

டீன் தலையாட்டினார். துறைத்தலைவரின் கட்டம் இருண்டது. மின்னல் கைகளைத் தூக்கினாள். முதல் வாக்கியம் குழறியது, அவளுக்கே புரியவில்லை.

"தண்ணி குடிச்சுட்டுச் சொல்லும்மா," என்றார் டீன்.

கை குழறினால் தண்ணீர் என்ன செய்யும்? ஆனாலும் ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்தாள், உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.