எல்லை தாண்டிய சொர்ணம்

தனுஷ்கோடிக் கப்பலுக்குப் போகிற போட் மெயில் பரமக்குடி ஸ்டேஷனில் நின்றது நின்றதுதான். எதிர்வண்டி வருகிறதாம், அது போனால்தான் இது நகருமாம். சொர்ணம் மூன்று தரம் எழுந்தாள், மூன்று தரம் உட்கார்ந்தாள்.

"எவனோ போறதுக்கோசரம் நம்மள நிறுத்தி வெச்சிகீறானுவோ பாரு அண்ணாத்தே!"

"கம்முனு கெட. கப்பல் உன்ன உட்டுட்டுப் போயிடாது," என்றான் வரதன்.

தங்கையைக் கப்பல் ஏற்றிவிட வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. செவ்வாய்க்கிழமைதான் பருத்திப்பட்டில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டால், பத்தாம் நாள் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் ராத் தங்கக் கூடாது. வியாழக்கிழமை விடியலில் ஏரிக்கரை மேலாக ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தபோதே வரதன் நாலடிக்கு ஒருதரம் ஊரைத் திரும்பிப் பார்த்தான். சொர்ணம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. புருஷன் துலுக்கானம் சிலோனுக்கு, தலைமன்னார் துறையில் மூட்டை தூக்கப் போய் நாலு வருஷம் ஆகிறது. அக்கரையில் அவனுக்கு இன்னொரு குடித்தனம் இருப்பதாக ஊரில் பேச்சு. கழனியில் நாற்று நடும்போது பக்கத்தில் குனிந்திருப்பவளே ஜாடையாகக் கேட்பாள். இந்த லட்சணத்தில்தான் கடுதாசி வந்தது. வரதன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: ஊடு பார்த்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கப்பலுக்கு வந்துவிடு, துறையில் நிற்கிறேன். ஆடி மாதத்தில் நாள் குறிக்கிறோமே என்கிற நினைப்பு அந்த மனுஷனுக்கு இருந்ததா பாருங்கள்! போகாவிட்டால், கூப்பிட்டேன் வரவில்லை என்று அவன் பாட்டுக்கு இருந்துவிடுவான். போய், அவன் அங்கே நிற்காவிட்டால் ஊர்ப்பேச்சு நிஜம். இரண்டில் ஒன்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எதிர்வண்டி தடதடவென்று வந்து பக்கத்தில் நின்றது. ஜன்னலெல்லாம் முகம். சொர்ணம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "போய்த் தொலையேன்," என்று திட்டினாள். அதுவும் போய்த் தொலைந்தது.

தனுஷ்கோடியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கையில் அம்மை குத்தின தழும்பைத் தேடிப் பார்த்தார், அக்கரை போகிற சீட்டில் முத்திரை விழுந்தது. வரதனிடம் சீட்டு இல்லை, அவன் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"ஊர் எல்லைய தாண்டின. இப்ப கடலையும் தாண்டப் போற. அம்மன் கோச்சிகினா இன்னா பண்ணுவ?"

"அம்மனும் பொம்பளதானே அண்ணாத்தே. அதுக்குத் தெரியும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கப்பல் நகர்ந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆடிக்காற்றில் கப்பல் இப்படியும் அப்படியும் சாய, கூட வந்தவர்கள் துணியை விரித்துப் படுத்துவிட்டார்கள். சொர்ணத்துக்கு உட்காரவே முடியவில்லை. மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடந்தாள். பின்னால் தனுஷ்கோடி மறைந்துவிட்டது, முன்னால் இன்னும் ஒரு கரையும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் இரண்டு வருஷமாக நீண்டது.

தலைமன்னார் துறையில் அவன் இல்லை.

இறங்கினவர்களை அவரவர் ஆட்கள் வந்து கூட்டிப் போனார்கள். கூட்டம் கரைந்தது. பேர் சொல்லிக் கூப்பிடலாமென்றால், புருஷன் பேரை அவள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போ நிஜம்தான். அத்தனை பேரும் சொன்னது நிஜம்தான். ஊரையும் பகைத்து, சாமியையும் பகைத்து வந்தது இதற்குத்தானா?

"பருத்திப்பட்டு சொர்ணமா நீ?"

தலையில் துண்டு கட்டின ஒருவன் ஓடிவந்தான். "நான் சின்னசாமி, வேப்பம்பட்டுக்காரன். உன் ஊட்டுக்காரனும் நானும் ஒண்ணாதான் மூட்ட தூக்கறோம்."

"அவரு எங்க?"

"இந்நேரம் மெட்ராஸ் போற வண்டியில கீறான். காலம்பர கப்பல்ல போய்ட்டானே!"

சின்னசாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"நேத்து நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் வந்தான். பருத்திப்பட்டுல காப்பு கட்டிட்டாங்கன்னான். உன் ஊட்டுக்காரன் தலையில அடிச்சிகினான். 'நாள் பாக்காம எழுதிட்டேன். வரவும் முடியாம, இருக்கவும் முடியாம அவ தவிச்சிகினு கெடப்பா. நானே போறேன், கூழ் ஊத்தனதும் இட்டாந்துடறேன்'னு ஓடனான். கப்பல் ஏறும்போது இன்னா சொன்னான் தெரியுமா? 'அவள நம்ப முடியாது, வந்தாலும் வந்துடுவா, எதுக்கும் சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பாத்துடு'ன்னான்."

பரமக்குடியில் பக்கத்தில் வந்து நின்ற வண்டி சொர்ணத்தின் கண்முன் வந்தது. முகத்தைத் திருப்பியிருந்தால் போதும். போய்த் தொலை என்று வேறு சொன்னாளே! சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. நாலு வருஷத்துப் பாரம் அந்தத் துறையிலேயே இறங்கிவிட்டது.

"காலைல கப்பல் எத்தினி மணிக்கு? நான் திரும்பிப் போறேன்," என்று மூட்டையைத் தூக்கினாள். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். ஊருக்குப் போனதும் விஷயம் தெரிந்து அவனும் இப்படித்தானே மூட்டையைத் தூக்குவான்? மறுபடியும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒரு வண்டிக்காக இன்னொரு வண்டி நிற்கும்.

"அவனுக்கு ஒரு தந்தி அடிச்சிடலாம் தங்கச்சி. அவன் வர்ற வரைக்கும் நம்ம ஊட்டுல இரு, என் சம்சாரம் கீறா," என்றான் சின்னசாமி. "இன்னான்னு எழுதச் சொல்லட்டும்?"

சொர்ணம் மூட்டையைக் கீழே போட்டு, இரண்டு நாளில் முதல்முறையாக நன்றாக உட்கார்ந்தாள்.

"கூழ் ஊத்திட்டு வா, அதுவரைக்கும் நான் இந்த ஊர் எல்லைய தாண்ட மாட்டேன்னு எழுதச் சொல்லு."