அமாவாசைக்கு மறுநாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஏழு நிமிடம்தான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

1984, ஜூன் 30, சனிக்கிழமை. வேலூரில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், அங்கிருந்துதான் பென்ஷன் வருகிறது. அட்மிஷன் ஜன்னலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நான், பெயர் பரசுராமன். ஜன்னலுக்கு வெளியே ஆரணியிலிருந்து வந்த ஒரு பட்டு நெசவாளியும் அவர் மகளும் நின்றார்கள். அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கி, பி.எஸ்ஸி. கணிதத்துக்குத் தேர்வாகியிருந்தாள், இன்டர்வியூ கார்டும் அனுப்பியிருந்தோம். கார்டில் போட்டிருந்த தேதி 29. அவர்கள் வந்தது 30.

எனக்கு உண்மையாகத் தெரிந்தது கொஞ்சம்தான். விண்ணப்பத்தில் இருந்த விவரம்: சு. ரேணுகாம்பாள், தகப்பனார் சுப்பராயலு, தொழில் நெசவு. பிறகு, அந்தக் கார்டு மஞ்சள் துணியில் முடிந்து வந்தது. பிறகு, அவர் சொன்ன ஒரு வாக்கியமும் அவள் சொன்ன ஒரு வாக்கியமும். இவ்வளவை வைத்துக்கொண்டு, ஏழு நோட்டுப் புத்தகத்தில், ஆரணியில் ஒரு தெருவையே கட்டிவிட்டேன்.

"ஏழு நிமிசத்துக்கு ஏழு நோட்டா? இன்னாங்க இது கூத்து!" என்கிறாள் என் மனைவி பச்சையம்மாள். அவளுக்கு என்ன தெரியும் என்று எழுத நினைத்தேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

2

ஆரம்பங்கள்.

"ஆரணி விடிவதற்கு முன்பே தறிச்சத்தம்—"

அடித்துவிட்டேன். ஆரணி என்றால் தறிச்சத்தத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை.

"ஏழ்மையிலும் கல்வியின் மேன்மையை உணர்ந்த—"

சீ. கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

"சுப்பராயலு தன் மகளின் நம்பரைத் தேடியது இழை தேடுகிற கண்ணால்."

இது பரவாயில்லை, இதிலேயே போகலாம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேப்பர் கடையில் ஒரே தள்ளுமுள்ளு. நம்பர்கள் எறும்பு போல அச்சாகியிருந்தன. மற்ற அப்பாக்கள் பேப்பரை முகத்தோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். சுப்பராயலு கத்தவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒற்றை இழையைத் தேடிப் பிடித்து முடிகிறவர். விரலை மேலேயிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் விரல் நின்றது. அதை எடுக்காமலே கடைக்காரரிடம், "இந்தப் பேப்பர் எனக்குங்க" என்றார்.

வீட்டில் ரேணுகா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கேசரி கிண்டும் வாசனை.

"ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள இன்னாத்துக்கும்மா கேசரி?"

"பாஸானா பாஸான கேசரி. இல்லன்னா வெறும் கேசரி. எப்படியும் துண்ணத்தானே போற?" என்றாள் அம்மா கிருஷ்ணம்மாள்.

(அலுவலகக் குறிப்பு: கிருஷ்ணம்மாள் என்ற பெயர் நான் வைத்தது. அந்த அம்மாவை நான் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியே தூரத்தில், புங்க மரத்தடியில் ஒரு கத்தரிப்பூப் புடவையாகத்தான். கேசரி வசனம் பச்சையம்மாள் எங்கள் மகன் பரீட்சைக்குச் சொன்னது. திருடியதை ஒப்புக்கொள்கிறேன்.)

3

இனி கார்டு.

ஜூன் மாதம் நடுவில் ஒரு மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். ரேணுகா படித்தாள்.

"இருபத்தொம்போதாம் தேதி, காத்தால பத்து மணிக்குப்பா."

"அது என்னிக்கு வருது?"

அவள் காலண்டரைப் பார்த்தாள். இருபத்தெட்டில் கறுப்பு வட்டம். "அமாவாசைக்கு மறுநாள்."

"தோ பாரு! அம்மனே பாத்துக் குடுத்த நாளு. அமாவாசை லீவுல துணிமணி தொவச்சி, தல முழுவிட்டு, மறுநாளு மொத பஸ்ஸ புடிச்சா ஜல்தியா போயிடலாம்."

நெசவாளித் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாதத்துக்கு ஒரு அமாவாசைதான் தறி நிற்கிற நாள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதோ, சம்பந்தி வீட்டுக்குப் போவதோ, எல்லாம் அமாவாசைக்கு இத்தனை நாள் முன்னே, இத்தனை நாள் பின்னே என்றுதான் கணக்கு. காலண்டர் சுவரில் இருக்கும், மாதத் தாளைக் கிழிக்க மறந்து போயிருக்கும். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் இருபத்தொன்பது என்ற எண்ணே இல்லை. அமாவாசைக்கு மறுநாள் மட்டும்தான் இருந்தது.

கிருஷ்ணம்மாள் கார்டை வாங்கி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். மஞ்சள் துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். படவேட்டு அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள். மகளுக்கு வைத்த பெயரே அந்த அம்மன் பெயர்தான்.

"அந்த ஆபீஸ்ல போயிதான் அவுக்கணும். நடுவுல யாராச்சும் தொட்டீங்க, வேண்டுதல் கலைஞ்சிடும். அப்புறம் என்ன கேக்காதீங்க."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

அப்பா அமாவாசையை நம்பினார், சரி. அம்மா முடிச்சை நம்பினாள், சரி. கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண் தேதியை மறப்பாளா? இந்தக் கதாபாத்திரம் நிற்குமா?

ஏழு நோட்டில் நாலு நோட்டு இதற்கே போயிற்று. ஒரு நோட்டில் அவளை பயந்தவளாக எழுதினேன், ஆரணியை விட்டுப் போகப் பிடிக்காமல் வேண்டுமென்றே சும்மா இருந்தாள் என்று. பச்சையம்மாள் படித்துவிட்டு, "உன் தப்ப அந்தப் பொண்ணு தலைல கட்டாத" என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நோட்டைக் கிழித்துவிட்டேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் பதினைந்து நாளும் அவளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தால் அம்மா பிடுங்கிக்கொள்வாள். "நீ படிக்கிற பொண்ணு, போய் படு." அப்பா கேட்பார், "இன்னும் எத்தினி நாளு?" அம்மா சொல்வாள், "அமாவாசைக்கு இன்னும் ஒம்போது நாளு." பரீட்சைக்காகத் தூங்காமல் கிடந்த பெண், இரண்டு பேர் தன் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதியில் தூங்கினாள். பட்டு நூல் காய்கிற வெயிலில், கண்ணை மூடினாலும் இமைக்குள் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் மிதக்க, நன்றாகத் தூங்கினாள். பெற்றவர்கள் எண்ணும்போது பிள்ளை எதற்காக எண்ண வேண்டும்?

5

அந்த வாரம் திங்கட்கிழமை, தெருவில் காத்தவராயன் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவுக்கு லீவு நாள் சொல்கிறவர் அவர்தான்.

"வியாழக்கெழம காத்தால பொழுது ஏறிதான் அமாவாசை பொறக்குது. வெள்ளிக்கெழம விடியறப்பவும் இருக்குது. விடியற நாளுக்குத்தான் லீவு. வியாழக்கெழம தறி ஓட்டுங்க."

காலண்டரில் வியாழன், தெருவில் வெள்ளி. தெரு முழுக்க ஒரு நாள் நகர்ந்தது. சுப்பராயலுவும் நகர்ந்தார். முடிச்சுக்குள் இருந்த கார்டு மட்டும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை தறிகள் நின்றன. அப்படியொரு அமைதியை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை. (ஒருமுறை, பல வருடம் கழித்து, ஒரு அமாவாசை நாளில் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். யாரைத் தேடி என்று சொல்ல வேண்டியதில்லை. யாரையும் விசாரிக்கத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.) கிருஷ்ணம்மாள் மகளுக்குத் தலை முழுக வைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, முடியைச் சிக்கெடுத்தாள். ரேணுகா அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். கூரை ஓட்டின் இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் புகை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"காலேஜ்ல யாராச்சும் கேட்டா இன்னா சொல்லட்டும்மா?"

"பேரு சொல்லு. கூப்புடுவாங்க, நீ போயி பேரு சொல்லு."

அதே நேரத்தில் வேலூரில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரேணுகாம்பாள். ரேணுகாம்பாள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது நான். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே, பென்சிலால் "வரவில்லை" என்று எழுதினேன்.

6

மறுநாள் முதல் பஸ்.

இதில் எனக்கு இஷ்டம் அதிகம். ஆரணியிலிருந்து வேலூருக்கு அந்த பஸ்ஸை நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கிறேன் என்று பச்சையம்மாளைக் கேளுங்கள். "இன்னும் கண்ணமங்கலமே தாண்டலயா அவங்க?" என்பாள்.

தாண்டவில்லை. கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். வயல்மேல் பனி இன்னும் விலகவில்லை. (ஜூன் மாதத்தில் ஏது பனி என்று கேட்காதீர்கள், இது நான் ஓட்டுகிற பஸ்.) அம்மா தோளில் மகள் தூங்குகிறாள். சுப்பராயலு மடியில் மஞ்சள் முடிச்சு, அதன்மேல் இரண்டு கைகளும். அவர் மனசுக்குள் தறி ஓடுகிறது, கால்கள் லேசாக மிதித்துக்கொண்டே இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன். காலண்டர் அமாவாசைக்கும் தெரு அமாவாசைக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை. கண்ணமங்கலத்தில் பனிக்குள் நுழைகிற பஸ் அந்த நாளுக்குள் போகிறது. வேலூரில் இறங்கினால் எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது, ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை, நான் "ரேணுகாம்பாள்" என்று முதல் தடவை கூப்பிடும்போதே—

"ம்ம். அப்புறம் நடந்தத எழுது" என்றாள் பச்சையம்மாள்.

7

நடந்தது.

காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலுக்கு வந்தார்கள். சீக்கிரம் வந்துவிட்ட சந்தோஷம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. சுப்பராயலு வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். மஞ்சள் துணியை ஜன்னல் பலகையில் வைத்து அவிழ்க்க ஆரம்பித்தார். மூன்று முடிச்சு. பட்டு இழையையே பிரிக்கிற விரல், ஒவ்வொன்றாக அவிழ்த்தது. நானும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு வந்தது, ஓரமெல்லாம் மஞ்சள்.

"இது நேத்தே முடிஞ்சிபோச்சிங்களே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கார்டைத் திருப்பிக் காட்டினேன். மகள் எட்டிப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, தப்பு தன் பக்கமும் இருக்கலாம் என்ற மரியாதையோடு சொன்னார்:

"சார், எங்க தெருவுல நேத்துதாங்க அமாவாசை."

பின்னால் சூப்பரின்டென்டென்ட் தணிகாசலம், "ஓகோ! ஆரணிக்குன்னு தனி நிலாவா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பெரிய சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரித்தேன். எங்கப்பா துரைக்கண்ணு, தேசூர் பக்கம் ஏர் ஓட்டியவர், அதற்குப் பதிமூன்று வருடம் முன்னே எனக்காக இதே மாதிரி ஒரு ஜன்னலில் நின்றவர். அவருக்கும் தேதி தெரியாது. அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பட்டியல் என் மேசையில்தான் கிடந்தது, டைப்புக்குப் போகவில்லை. பிரின்சிபால் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். ரப்பர் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பெண் அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என் மேசையில் இருந்த தன் பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, மெதுவாகக் கேட்டாள்:

"பென்சில்லதான சார் எழுதி இருக்குது?"

8

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சிரித்துவிட்டவனுக்கு ரப்பரை எடுக்க வெட்கமாக இருந்தது. எடுத்தால் எல்லோரும் என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். "ரூல்ஸும்மா" என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். அது நடந்தது, அதை மாற்ற எந்த நோட்டாலும் முடியாது. புங்க மரத்தடியில் அந்தப் புடவை எழுந்து நின்றது மட்டும் கண்ணாடி வழியே தெரிந்தது. அவர் அங்கே போய் என்ன சொன்னார் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கதைக்கு முடிவுகள் வைத்திருந்தேன். அடுத்த வருடம் அவள் செய்யாறு கல்லூரியில் சேர்ந்தாள் என்று ஒன்று. டீச்சராகி என் பேத்திக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒன்று. தறியில் உட்கார்ந்துவிட்டாள் என்று ஒன்று. எல்லாவற்றிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன், அதனால் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

"பின்ன எப்படித்தான் முடிக்கப் போறீங்க?" என்று கேட்கிறாள் பச்சையம்மாள். மரியாதை திரும்பி வந்திருக்கிறது.

முடிக்கப் போவதில்லை. அந்த ஜன்னலிலிருந்து நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் வாருங்கள். இந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள். மணி பத்து ஆக இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. பின்னால் சிரிக்கிறார்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கிறது. அப்பா மஞ்சள் துணியை மடித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் போகவில்லை. மரத்தடியில் அம்மா உட்கார்ந்தே இருக்கிறாள், அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ரப்பர் உங்கள் வலது கைப் பக்கம்.

அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.