ஜூரி வருவதற்கு முன் உட்கார வைத்தார்கள்

என் தம்பி டெல்லுக்கு எதையும் ஒளித்துச் செய்யத் தெரியாது. சின்ன வயதில் அலமாரியிலிருந்து செர்ரி ஜாமை எடுத்துத் தின்றுவிட்டு, இந்த வருஷம் இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று அப்பாவிடமே போய்ச் சொல்லி அடி வாங்கியவன். அதே குணம்தான் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைத்தது. அது எப்படி என்று நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோர்ட்டில் என்னைச் சொல்ல விடவில்லை.

எனக்கு நரம்பை அரிக்கும் வியாதி. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், பிரேக்கை மிதிக்கும் கால் எப்போது சொன்னபடி கேட்கவில்லையோ அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு சக்கர நாற்காலிதான். கால் அசையாமல் கிடந்தாலும் தொலைகிறது என்று விடலாம். திடீரென்று இழுத்துக்கொள்ளும். தொடை கல்லாகி, முழங்கால் வயிற்றைத் தொடும் அளவுக்கு மடங்கும். டெல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து மெல்ல நீட்டிவிடுவான். டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் தூங்க வைத்தது, இழுப்பை நிறுத்தவில்லை. கஞ்சா நிறுத்தியது. நான் விரும்பிக் கேட்டதில்லை, நம்பியும் கேட்டதில்லை. நிறுத்தியது, அவ்வளவுதான்.

எங்கள் மொன்டானா மாநிலத்தில் அது குற்றமில்லை. நாங்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாநிலம் கார்டு தரும். நோயாளிக்காகச் செடி வளர்ப்பவனுக்கும் ஒரு கார்டு. டெல் எனக்காக ஆரம்பித்தான். பிறகு எங்கள் வட்டாரத்துப் புற்றுநோய்க்காரர்கள், முதுகு உடைந்த ஒரு மரவெட்டி என்று ஆள் சேர்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் கண்ணாடிக் கூடாரம் போட்டான்.

நாங்கள் மாட்டுக்காரர்கள். கன்று பிறந்து ஈரம் காய்வதற்குள் அதன் காதில் எண் போட்ட மஞ்சள் அட்டையைக் குத்திவிடுவோம். மாட்டை விற்று லாரியில் ஏற்றுவதற்கு முன், சூட்டுக்குறி பார்க்கும் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அதிகாரி பார்க்காத மாடு திருட்டு மாடு. இது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். டெல் செடிக்கும் அதையே செய்தான். ஒவ்வொரு செடியின் தண்டிலும் மாட்டுக்காது அட்டையைக் கம்பியால் கட்டினான். விரல் நீளத்துக்குக்கூட வளராத, அப்போதுதான் வேர்விட்ட பதியன்களையும் விடவில்லை. கட்டி முடித்துவிட்டு எங்கள் வட்டாரப் போலீசுக்குத் தலைவரான ஷெரிஃப் ஹாலிஸுக்கு ஆள் அனுப்பினான்.

"இதுக்கெல்லாம் யாருடா என்னைக் கூப்பிடச் சொன்னா? சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லியே," என்றார் ஹாலிஸ், தொப்பியைக் கழற்றாமலே.

"இல்லதான் அண்ணே. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, நான் எண்ணிப் பாத்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்ல."

"சொல்றேன் சொல்றேன். வெர்னா, காப்பி இருக்கா, இல்ல தம்பி வளக்கறதத்தான் கொதிக்க வச்சுத் தருவியா?"

"காப்பிதான். உங்களுக்கு அது வேற குடுத்தா இன்னும் சிரிச்சுத் தொலைப்பீங்க," என்றேன்.

செடிகளுக்கு நடுவில் ஹாலிஸை நிற்க வைத்து டெல் ஒரு போட்டோ எடுத்தான். கூடாரத்துச் சுவரிலேயே மாட்டினான். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவான், கல்யாணப் போட்டோ மாதிரி.

ஒரு வசந்த காலத்துக் காலையில் கறுப்பு வண்டிகள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றன. டெல் தானே போய்த் திறந்துவிட்டான்.

"பாக்க வந்தீங்களா? உள்ள வாங்க. எந்த ஆபீசு, மாநிலமா?"

"இல்ல. தேசத்து அரசாங்கம். கையைப் பின்னால கொண்டாங்க," என்றான் வந்தவன்.

அவர்கள் எண்ணவே சிரமப்படவில்லை. டெல் கட்டிய அட்டைகளில் கடைசி எண்ணைப் பார்த்தார்கள், முடிந்தது. தேசத்துச் சட்டத்தில் நூறு செடிக்கு மேல் போனால் குறைந்தது ஐந்து வருஷம். நீதிபதியே மனது வைத்தாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. அந்த விரல் நீளப் பதியன்கள்தான் கணக்கை நூறுக்கு மேல் ஏற்றின. வேர் இருந்தால் அது செடி. அட்டையும் கட்டியிருக்கிறதே, அது செடி இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

கோர்ட் கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண், பெயர் ரென்னர். நல்ல பெண். பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து விளக்கினாள்.

"மாநிலம் உங்களைத் தண்டிக்க மாட்டேன்னு சொல்லலாம். அது அதோட உரிமை. தேசமும் தண்டிக்கக் கூடாதுன்னு சொல்ல அதுக்கு அதிகாரம் இல்ல. ரெண்டு சட்டமும் முட்டிக்கிட்டா தேசத்துச் சட்டம்தான் மேல. அரசியல் சாசனத்துலயே எழுதியிருக்கு."

"அப்ப நாங்க ஓட்டுப் போட்டது?" என்று கேட்டேன்.

"செல்லும். மாநில கோர்ட்டுல."

"இவன் நிக்கப் போறது?"

"அங்க இல்ல."

"அப்ப ஒரே நிலத்துல நின்னுக்கிட்டு ஒரு கால் சட்டத்துக்கு உள்ளயும் ஒரு கால் வெளியவும் வச்சிருக்கோமா?"

அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

இருந்தாலும் போராடினாள். மாநிலச் சட்டத்தை ஜூரியிடம், அதாவது குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போகும் ஊர் ஜனங்கள் பன்னிரண்டு பேரிடம், சொல்ல விடுங்கள் என்று மனுப் போட்டாள். அரசு வக்கீல் எதிர்மனுப் போட்டார்: மாநிலச் சட்டம், கார்டு, நோய், ஷெரிஃப் ஏன் வந்தார் என்ற விவரம், எதுவுமே ஜூரி காதில் விழக் கூடாது. தேசத்துச் சட்டத்தில் அது எதுவும் விடுதலைக்குக் காரணம் ஆகாது. காரணம் ஆகாததைச் சொல்வது பரிதாபத்தைக் கிளப்பத்தானே. நீதிபதி கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். மேல் கோர்ட்டுகள் ஏற்கெனவே தீர்த்துவிட்ட கேள்வி, என் கையில் இல்லை என்று சொல்லி அரசு வக்கீல் கேட்டது அத்தனையும் கொடுத்தார். அந்தப் போட்டோவில் ஹாலிஸை வெட்டிவிட்டுச் செடிகளை மட்டும் காட்டச் சொன்னார்.

குற்றத்தை ஒத்துக்கொண்டால் செடிக் கணக்கைக் குறைத்துப் போடுவார்கள், ஒன்றிரண்டு வருஷத்தில் வெளியே வரலாம் என்று ஒரு பேச்சு வந்தது. டெல் கேட்கவில்லை.

"பன்னண்டு பேரும் நம்ம பக்கத்து ஆளுங்கதானே அக்கா. அவங்கதானே ஓட்டுப் போட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்ககிட்டச் சொன்னாத்தானடா தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்," என்றான், முப்பத்தெட்டு வயது மடையன்.

ஜூரியைத் தேர்ந்தெடுத்த அன்று நீதிபதி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: குற்றம் நிரூபணமானாலும் இந்தச் சட்டத்தின்படி தண்டிக்க மனம் வராதவர்கள் யாராவது உண்டா? கை தூக்கியவர்கள் ஏகப்பட்ட பேர். மனதில் பட்டதை ஒளிக்கத் தெரியாத நல்ல ஜனங்கள், என் தம்பியைப் போலவே. அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஹாலிஸ் சாட்சி சொன்னார், எங்களுக்கு எதிராக. கூடாரத்தைப் பார்த்தீர்களா? பார்த்தேன். ஒவ்வொரு செடியிலும் எண் இருந்ததா? இருந்தது. எண்ணினீர்களா? எண்ணினேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று டெல் கேட்டிருந்தான் அல்லவா, சொல்லிவிட்டார். இறங்கிப் போகும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தது நான். எனக்குத் தண்டனை வராது என்று உத்தரவாதம் கொடுத்து, வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று கட்டளையும் போட்டிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிறோமே என்று காலையில் முடியைச் சுருட்டி உதட்டுச் சாயம் பூசியிருந்தேன். அம்மாவின் முத்து மாலையும் போட்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஜூரி இன்னும் உள்ளே வரவில்லை. அரசு வக்கீல் எழுந்தார்.

"சாட்சியை இப்பவே கூண்டுல உக்கார வச்சிடலாம்ங்க. சக்கர நாற்காலி வெளிய போயிடட்டும். ஜூரி அதைப் பாத்தா மனசு மாற வாய்ப்பிருக்கு."

ரென்னர் எதிர்த்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார்.

கோர்ட் காவலர்கள் இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மூட்டையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார்கள், ஆனால் மரியாதையாக. மர நாற்காலியில் வைத்து, பாவாடையை இழுத்துவிட்டு, என் சக்கர நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்து ஜூரி வந்தது. அவர்கள் பார்த்தது, முத்து மாலை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை.

"உங்க தம்பி உங்களுக்குக் கஞ்சா குடுத்தாரா?"

"குடுத்தான். ஏன்னா எனக்கு—"

"குடுத்தாரா இல்லையா, அது போதும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

"ஒரு தடவையா, பல தடவையா?"

"பல தடவை."

கஞ்சா பிடிபட்ட நாளிலிருந்து எனக்கு மருந்தில்லை. கூண்டின் மரத்தடுப்புக்குக் கீழே என் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் தொடையை அமுக்கினேன். வலி பல்லைக் கடிக்க வைத்தது. தடுப்பு உயரம், ஜூரிக்கு என் கை தெரியவில்லை. கோபக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். டெல் மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் பாதி எழுந்துவிட்டான். ரென்னர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ரென்னரின் முறை வந்தபோது, முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். ஆட்சேபம் என்றார் அரசு வக்கீல். பதில் வேண்டாம் என்றார் நீதிபதி. ஜூரியை முதலில் வெளியே அனுப்பினார்கள். பிறகு என் நாற்காலி வந்தது.

சாயங்காலத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. குற்றவாளி. பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக ஆமாம் என்றார்கள். சில பேர் டெல்லின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அந்த முகத்திலிருந்து அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

என்னை லிஃப்ட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள் ரென்னர். மூடப்போன கதவை ஒரு கை தடுத்தது. ஜூரியில் இரண்டாம் வரிசையில் இருந்த அம்மாள். மன்னிச்சுக்குங்க என்று உள்ளே வந்தவள், முதலில் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு முத்து மாலையை, பிறகு என்னை.

"நீங்க… அங்க நல்லாத்தானே உக்காந்திருந்தீங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி தூக்கி உக்கார வச்சாங்க."

"எத்தன நாளா இப்படி?"

"வருஷக்கணக்கா. அவன் வளத்ததே எனக்காகத்தான். மாநிலம் குடுத்த கார்டு இருக்கு."

"கார்டு இருந்துச்சா?" அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். "நாங்க உள்ள பேசினோமே. கார்டு இருந்தா யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நான்தான் சொன்னேன். யாருமே சொல்லல, அதனால இல்லைன்னு… நானும்தான் அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டேன்."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கும் எழுந்து நிற்க வேண்டுமே.

தண்டனை சொன்ன நாளில் அவள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் நோரீன். நீதிபதி பேசத் தொடங்கும்போது எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் சொன்ன ஆமாங்கிறத வாபஸ் வாங்கிக்கணும்."

"உங்க வேலை முடிஞ்சுபோச்சும்மா. உக்காருங்க."

"உண்மையச் சொல்லாம என்கிட்ட கேட்டீங்க."

"உக்காருங்கம்மா," என்றார் அவர், இந்த முறை மெதுவாக. பிறகு ஐந்து வருஷம் என்று படித்தார். தனக்கு விருப்பம் என்று ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால் இந்த எண்ணைச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

டெல்லுக்கு அங்கேயே விலங்கு மாட்டினார்கள். பக்கக் கதவுக்குள் போவதற்கு முன் திரும்பினான்.

"அக்கா, காலு?"

"நல்லாருக்குடா. போ."

வராந்தாவில் வந்ததும் கால் இழுத்துக்கொண்டது. கோர்ட்டில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி முழங்கால் மடங்கி, நான் நாற்காலியிலிருந்து சரிந்தேன். ரென்னர் காகிதங்களைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள். நோரீன் ஓடி வந்து தரையில் மண்டியிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் என் தொடையில் வைத்தாள்.

"அமுக்குங்க," என்றேன். "இன்னும். பயப்படாதீங்க, உடையாது."

அவள் தன் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினாள். கால் அசையவில்லை. எங்களைச் சுற்றி ஆட்கள் வழி விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் முகம் வியர்த்துவிட்டது.

"இது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியாது. இதுவரைக்கும் அவன்தான் நிறுத்துவான்," என்றேன்.