கூடையில்லாத மீன்காரி

ஏதேன் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு முத்துநாயகம் தலைவரான பிறகு அங்கே எந்த மதிலும் வெறும் மதிலாக இருக்க முடியவில்லை. அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். ஆனாலும் தெரு நெடுக நீல அலையும் கட்டுமரமும் வரைய வைத்தார். மிச்சமிருந்தது முச்சந்தி முக்கு. அங்கே ‘உழைப்பின் வடிவம்’ என்று ஒரு மீன்காரி சிலை. அதற்காக, அதே முக்கில் வருஷக்கணக்காக மீன் விற்ற குளச்சல் கிரேசியை விரட்டினார்.

“சாரே, எனக்க எடத்துல எனக்க செலைய வச்சா நான் எங்கோட்டு போவ?”

“ஒனக்க எடமா? நாறுதுட்டி, போ அங்கோட்டு. கலைன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியாது. நான் வித்த மீனத் தின்னுட்டு நீரு பேசுத பேச்சாயிருக்கும்.”

சிலை செய்ய வந்த ரதீஷ், குருசடி என்கிற வழியோரச் சிலுவைக் கோயில்களுக்கு மாதா சுரூபம் வார்க்கிறவன். கைவசமிருந்த அச்சிலேயே முகத்தை வார்த்து, இரண்டு கையிலும் மீன்கூடையைக் கொடுத்தான். பார்வையிட வந்த தலைவர் முகம் சுளித்தார்.

“கூடை எதுக்குடே? காக்கா வந்து இருக்கும். எடு. நமக்கு வேண்டியது கம்பீரம்.”

ரதீஷ் எடுத்தான். விரிந்த கைகள் வெறுமையாக நின்றன. மதிலுக்குப் பொருத்தமாகப் புடவைக்கு நீலம் அடித்தான். முந்தானை தலையில்.

திறப்பு விழாவில் துணியை இழுத்ததும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று முத்துநாயகம் கும்பிட்டார். மறுநாள் காலை சிலையின் காலடியில் மெழுகுவர்த்திகளும் முல்லை மாலையும் கிடந்தன.

முத்துநாயகம் போகும் புராட்டஸ்டன்ட் சபையில் சுரூபமே ஆகாது. அங்கே அவர் கமிட்டி உறுப்பினர் வேறு, கமிட்டித் தேர்தலும் நெருங்கியிருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் நயமாகக் கேட்டார்: “குருசடிக்கு எப்ப திருவிழா?”

முத்துநாயகம் முச்சந்திக்கு ஓடினார். “இது மாதா இல்ல! மீன்காரி!”

மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஸ்மிதா நிமிர்ந்தாள். “மாதாவ மீன்காரிங்கீரா? ஒமக்க நாக்கு அழுவிப் போவும்.”

இடிக்கலாமென்றால் சங்கச் செயலாளர் ஷாஜன் பதறினான்: “தொடாதீரும் சாரே. கலவரம் ஆவும்.”

கடைசியில் முத்துநாயகம், பெரிய ரோட்டு ஓடையோரம் வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்த கிரேசியிடம் போனார்.

“செலைக்குக் கீழ வந்து இரு. ஆளுவளுக்குப் புரியட்டும்.”

“நாலாளு கேக்க நாறுதுன்னு வெரட்டுனீரு. அதே முக்குல நின்னு நாலாளு கேக்க என்னைய விளியும்.”

விளித்தார். முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லையாம். இரண்டாவது தடவை மாடிகளிலிருந்தெல்லாம் தலைகள் நீண்டன. கிரேசி அவசரமில்லாமல் வந்து, மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கூடையை இறக்கினாள். அரிவாள்மணையில் ஒரு பாரை மீனை வைத்துச் செதில் சீவினாள். ஸ்மிதா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, காறித் துப்பிவிட்டு நடந்தாள். யாரைப் பார்த்துத் துப்பினாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“செதிளு செலையில தெறிக்குதுட்டி!” என்றார் முத்துநாயகம், பழக்க தோஷத்தில்.

கிரேசி தலை நிமிரவில்லை. “தெறிக்கணும் சாரே. இல்லேன்னா நாளைக்கு இஞ்ச நவநாள் செபம் தொடங்கிருவாவ.”

தூரத்தில் போதகரின் கார் திரும்புவது தெரிந்தது.

“அப்பம் கொஞ்சம் கிட்ட இருந்து வெட்டு” என்றார் தலைவர்.