குறுக்குக் கீறல்

ஐம்பது பிரதி அச்சடித்தாயிற்று. இனி ஒன்றுகூட எடுக்க முடியாதபடி செப்புத் தகட்டைக் குறுக்கே கீறிப் பாழாக்க வேண்டும். தொழிலில் அதுதான் முறை. ஒரு வருடம் கண் பூத்துப்போகச் செதுக்கிய அரூப ஓவியம். பெற்ற பிள்ளைக்குச் சூடு போடுவதுபோல், பல்லைக் கடித்துக்கொண்டு ஆணியால் இரண்டு இழுப்பு இழுத்தாள் ஓவியக்காரி. கீறியதற்குச் சாட்சியாக ஒரே ஒரு தாள் அச்செடுத்தாள்.

அவள் படங்களை விற்றுத் தரும் கலைக்கூடத்துக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து வாயைப் பிளந்தார். "அடேயப்பா! இத்தனை வருஷத்துல இப்பத்தாம்மா உனக்குக் கை வந்திருக்கு. இதையே அம்பது போடு."

"அப்போ முன்னாடி அடிச்ச அம்பது?"

"அதுல என்னம்மா இருக்கு? வெறும் கிறுக்கல்!"

ஆணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.